நூல் கட்டிய காய்

தேயிலைச் சக்கையைக் கொட்டப் போன இடத்தில்தான் லிப்ட் மெக்கானிக் அதைப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எருக்குழியின் ஓரத்தில், முட்டை ஓடுகளுக்கும் வெங்காயத் தோலுக்கும் நடுவே, தடித்த இரண்டு விதையிலைகள் விரிந்திருந்தன. விதைத் தோல் இன்னும் ஓர் இலையின் நுனியில் தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சுரைக்கொடி. முப்பத்தொரு வருஷம் ஒரு தோட்டக்காரியோடு குடித்தனம் நடத்தியவருக்கு இந்த அளவுகூடத் தெரியாமல் போகாது. வடிகட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இந்தக் குழியில் தன் கையால் கொட்டிய விதைகள் எவை என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதை மறக்கத்தான் அவர் ஐந்து மாதமாகப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்.

தோட்டம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுச் சுவருக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையில் நீளத்தில் பன்னிரண்டு எட்டு, அகலத்தில் நாலு எட்டு. அதற்குள் அவள் கத்தரி, பச்சை மிளகாய், உடைந்த வாளியில் கொத்தமல்லி, குழாயடி ஈரத்தில் புதினா, சுவரோரம் கற்பூரவல்லி என்று எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்தாள். மேலே பழைய இரும்புக் கம்பிகளில் சுரைப் பந்தல். கம்பிகள் அவர் வேலை செய்த இடத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தவை. தோட்டத்துக்கு அவருடைய மொத்தப் பங்களிப்பு அதோடு சரி. மற்றபடி அவர் வேலை சாப்பிடுவது.

அவள் வீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பவள். ஒவ்வொரு பருவத்திலும் கொடியில் மிக நன்றாக வந்த ஒரு காயைத் தேர்ந்தெடுத்து, அதன் காம்பில் சீருடை நீலநூலைக் கட்டிவிடுவாள். அது விதைக்காய். முற்றிக் காய்ந்து, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரும் வரை அதை யாரும் தொடக் கூடாது. அந்தக் காய்க்கு வீட்டில் மாப்பிள்ளை என்று பெயர். "வேலை வெட்டி கிடையாது, சும்மா தொங்கும், தண்ணி மட்டும் வேளாவேளைக்குக் குடிக்கும். ஆனா யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது," என்பாள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது யாரோ கொடுத்த நாலு விதையில் தொடங்கியது அது. இருபத்தாறு வருஷமாக ஒரு மாப்பிள்ளைக்குப் பின் ஒரு மாப்பிள்ளையாக அந்த வம்சம் அறுபடாமல் வந்துகொண்டிருந்தது. விருந்தாளிகள் வந்து காய் போதாமல் போன நாளில்கூட அவள் அதில் கை வைத்ததில்லை.

அவர்தான் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் ஐந்தாவது மாடியில் படுத்திருந்தவளுக்கு எதுவும் இறங்கவில்லை. ஒரு நாள் விடியற்காலை, "சுரைக்காய் சூப் கொஞ்சம் குடிச்சா நல்லா இருக்கும்போல இருக்குங்க," என்றாள். பதினோரு நாளில் அவளாக வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். வீட்டுக்கு ஓடி வந்தார். கடை திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. காத்திருந்திருக்கலாம். அதுதான் இன்றுவரை அவரைப் போட்டு அறுக்கிறது, காத்திருந்திருக்கலாம். பந்தலில் ஒரே ஒரு காய், காம்பில் நீலநூலோடு, தோல் இறுக ஆரம்பித்த நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது. டப்பாவில் விதை மிச்சம் கிடையாது, கடைசி விதை வரை அந்தப் பருவத்தில் ஊன்றியாயிற்று என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் நூலோடு சேர்த்து அறுத்தார். கத்தி வழுக்கியது. உள்ளே விதைகள் தடித்திருந்தன. வழித்து எருக்குழியில் போட்டுவிட்டு, சதையை மட்டும் வேக வைத்து, மிளகும் மஞ்சளும் போட்டு, பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு ஐந்து மாடி படியேறினார். அவர் லிப்டில் ஏறுகிற ஆள் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் அவர்.

அவள் டம்ளரைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தாள். "எந்தக் காய்?" என்றாள்.

"கடையில வாங்கினேன்."

அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு குடித்தாள். நடுவில் ஒருமுறை உதட்டிலிருந்து எதையோ எடுத்துத் துடைக்கும் காகிதத்தில் ஒற்றிக்கொண்டாள். நாராக இருக்கும், முற்றல் காய்தானே என்று நினைத்தார். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுகிற மாதிரி கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நல்லா இருக்கு," என்றாள். நாலாம் நாள் போய்விட்டாள்.

அதிலிருந்து வீடு சரியில்லை. யாரும் மிதிக்காத புதினா, காலையில் சமையலறைக் கதவைத் திறந்ததும் இப்போதுதான் யாரோ கிள்ளிய மாதிரி வாசம் அடித்தது. பின்னால் குழாய் தானாகச் சொட்டத் தொடங்கியது. மெக்கானிக்குக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. எந்தச் சத்தத்துக்கும் எங்கேயோ ஒரு வாஷர் தேய்ந்திருக்கும் என்பது அவருடைய நாற்பது வருஷ அனுபவம். வாஷரை மாற்றினார். சொட்டியது. குழாயையே மாற்றினார். இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் சொட்டியது. புதினாவுக்குப் பூனை காரணம் என்று முடிவு கட்டினார். ஆனால் பூனை என்று ஒன்றை அவர் கண்ணால் பார்த்ததில்லை. சொட்டுச் சொட்டாக விழும் அந்தத் தண்ணீர் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் கேட்கும். திட்டாது, அழாது. எந்தக் காய் என்று மட்டும் கேட்கும்.

வேலை செய்யும் இடத்திலும் அது விடவில்லை. ஒரு அலுவலகக் கட்டடத்தில் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்றுபோய், உள்ளே ஒரு பெண் மாட்டிக்கொண்டாள். இப்படி மாட்டிக்கொண்டவர்களோடு கதவிடுக்கு வழியாகப் பேசிக்கொண்டே வேலை பார்ப்பதில் அவர் பேர் போனவர். பயப்படாதீங்கம்மா, காத்து வரும், கயிறு அறுந்ததா நான் பாத்ததே இல்ல என்று வரிசையாகச் சொல்வார். அன்றும் சொன்னார். உள்ளேயிருந்து அந்தப் பெண், "என்ன ஆச்சு? என்கிட்ட உண்மையச் சொல்லுங்க," என்றாள். அவர் கை ஸ்பானரோடு நின்றுவிட்டது. "கடையில வாங்கினதுதான்மா," என்றார். உள்ளே அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். பைத்தியக்காரன் கையில் மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்குத் தோன்றியிருந்தால் அவளைக் குறை சொல்ல முடியாது.

அந்த நிலையில்தான் எருக்குழியில் சுரை முளைத்தது. அவர் அதைப் பிடுங்கி நடவில்லை, எங்கே பட்டுப்போகுமோ என்ற பயத்தில் இருந்த இடத்திலிருந்தே கயிறு கட்டிப் பந்தலுக்கு ஏற்றினார். லிப்ட் கயிறு கட்டுகிற கவனத்தோடு கட்டினார். மாடியில் குடியிருக்கும் அம்மாள் எட்டிப் பார்த்து, "அட, முளைச்சிருச்சா அண்ணா? அக்கா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நானும் காய்கறிக் கழிவை அங்கதான் கொட்டினேன். என்னுதா இருக்கும்," என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் அவருக்கு அந்த நாளில் சோறு இறங்கவில்லை. இது மனைவியுடைய கொடி என்றால், அவர் அறுத்தது அறுபடவில்லை. மாடிக்காரியுடைய கொடி என்றால், இருபத்தாறு வருஷத்தை ஒரு பிளாஸ்க் சூப்பாக்கி ஊற்றிய ஆள் அவர்தான். நடுவில் வேறு எதுவும் இல்லை.

கொடி பந்தலை மூடியது. வெயில் சாயும் நேரத்தில் வெள்ளைப் பூக்கள் விரிந்தன. சுரைக்கு ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவ வேண்டும் என்று மனைவி சொல்லிக் கேட்டிருக்கிறார். ஆனால் அவர் கை பட்டதெல்லாம் மூன்றே நாளில் பழுத்து உதிர்ந்தது. ஒன்றுகூடத் தங்கவில்லை. கடைசியில் அவர் தொடாத, பார்த்துக்கூட இராத ஒரு பிஞ்சு, இலைக்கு மறைவில், அவள் எப்போதும் முக்காலி போட்டு நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்தது. அதோடு கொடி மஞ்சளடிக்கத் தொடங்கிவிட்டது. அந்தப் பருவத்துக்கு அந்த ஒரு காய்தான்.

மகள் வெளியூரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை வந்தவள் பையை வைத்த கையோடு பின்னால் போய்ப் பார்த்தாள். காய் அப்போது முழங்கை நீளத்துக்கு, பளபளவென்று சமைக்கிற பதத்தில் இருந்தது.

"குப்பையில தானா முளைச்சதை நம்பக் கூடாதுப்பா. கசப்புச் சுரையா இருந்தா அது விஷம். ஆளையே சாய்ச்சுடும்."

"உங்கம்மாவோடது கசக்காது."

"அம்மாவோடதுன்னு யார் சொன்னா?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டும் என்று அவர் திட்டம் எதுவும் போட்டிருக்கவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. விடியற்காலை, கடை, நூல், சூப், பொய் எல்லாவற்றையும் சொன்னார். காயைப் பார்த்தபடியே சொன்னார். மகள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளையவா பறிச்சீங்க?" என்றாள். "அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்ப்பா," என்றாள்.

"சொல்லியிருந்தா குடிச்சிருக்க மாட்டா."

"சரி, இதுக்கு ஏன் இப்படி உள்ளுக்குள்ளயே வெச்சுப் புழுங்கணும்? வெட்டிப் பாத்துடலாம். ஒரு துண்டை நாக்கில வெச்சுத் துப்பினா தெரிஞ்சுடும். கசந்தா அம்மாவோடது இல்ல. இனிச்சா அந்த ருசி உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"ஒரே காய். வெட்டினா விதை கிடையாது."

"அப்ப தெரிஞ்சுக்கவே வேண்டாமா?"

"வேணும்," என்றார். அவ்வளவு வேகமாகச் சொன்னது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அவருக்குத் தெரிந்தாக வேண்டும். விதை போனால் போகட்டும், இந்தக் கேள்வி நிற்க வேண்டும். மகள் உள்ளே போய்க் கத்தி எடுத்துவந்தாள். அதற்குள் அவர் காயைத் திருப்பிப் பார்த்தார். கீழ்ப்பக்கம் புள்ளியாக ஏதோ இருந்தது. ஈ குத்திய ஓட்டையா, வெறும் அழுக்கா என்று தெரியவில்லை. அவருடைய கண்ணாடி மேல் போன மாதம் அவரே உட்கார்ந்துவிட்டார். மனைவிக்கும் அவருக்கும் வெள்ளெழுத்துக்கு ஒரே பவர். ஒருவர் கண்ணாடியை இன்னொருவர் தேடாத நாளே அந்த வீட்டில் இருந்ததில்லை. "அம்மா கண்ணாடி அந்தப் பையில இருக்கும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பை, ஒன்பது மாதமாகப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அது சுவரில் லேசாக இடிக்கும். அவர் அந்தக் கதவைப் பாதியோடு நிறுத்தப் பழகியிருந்தார். பையில் சீப்பு, பாதித் தைலப் புட்டி, ஒரு ஜோடிக் காலுறை. கண்ணாடிக் கூடு அடியில் இருந்தது. கண்ணாடியை எடுத்தபோது அதன் கீழே நாலாக மடித்த துடைக்கும் காகிதம் ஒன்று இருந்தது. மஞ்சள் கறை படிந்து மொரமொரவென்று காய்ந்திருந்தது. பிரித்தார். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு நூல், சுருள் சுருளாக, கவனமாக வைக்கப்பட்டிருந்தது. மஞ்சள் ஏறியும் நீலம் போகவில்லை. ஒரு முனையில் அவளுடைய முடிச்சு பாதி அவிழாமல் இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்தார். அந்த டம்ளரையும், உதட்டுக்குப் போன அந்தக் கையையும், தன்னைப் பார்த்த அந்த ஒரு நிமிஷத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு அழுதார். வெளியே மகளுக்குக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் உள்ளே வரவில்லை.

அவர் திரும்பி வந்தபோது மகள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கத்தி மடியில் இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காயின் அடியைப் பார்த்தார். அழுக்குதான், விரலால் துடைத்ததும் போய்விட்டது. பிறகு கையை விரித்துக் காட்டினார்.

"இது ஏதுப்பா?"

கடையில வாங்கினேன் என்பது, ஒன்பது மாதப் பழக்கத்தில், நாக்கு நுனி வரை வந்து நின்றது. "உங்கம்மா வெச்சிருந்தா," என்றார். "சூப்புல கிடந்திருக்கு. தெரிஞ்சேதான் குடிச்சிருக்கா. கடைசிச் சொட்டு வரைக்கும்."

மகள் நூலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். எழுந்து கத்தியைச் சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டு வந்து, இரண்டு கையாலும் காயை அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். "அப்போ இது யாரோடதுன்னு அடுத்த வருஷம் வரைக்கும் தெரியாதுப்பா," என்றாள்.

"தெரியாது."

டன் கணக்கில் எடை தாங்கும் கயிறுகளைக் கட்டிய கை அவருடையது. அந்தத் துண்டு நூல் காம்பை ஒரே ஒரு சுற்றுச் சுற்ற மட்டும்தான் போதுமானதாக இருந்தது. முனைகள் விரலுக்கு அகப்படாமல் நழுவின. மூன்றாவது தடவையில்தான் முதல் முடிச்சு விழுந்தது. "அது மேல விரல வை," என்றார். மகள் ஒரு கையைக் காயிலிருந்து எடுத்து முடிச்சின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தாள். அவர் இரண்டாவது முடிச்சை அந்த விரலைச் சுற்றிப் போட்டார். புதினா வாசம் வந்தது. இரண்டு பேருமே குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"எடுக்கட்டுமாப்பா?"

"இரு," என்றார். இழுக்காமல், இரண்டு முனைகளையும் பிடித்தபடி நின்றார். அவள் விரல் நீலநூலுக்கு அடியில் அப்படியே இருந்தது.