ஓனர் ஓட்டினால் கடிதம் வேண்டாம்

பைவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேகோங் பாலத்தைத் தாண்டி, தாய்லாந்துப் பக்கத்துச் சோதனைக் கூண்டின் முன் அவள் ஓட்டிவந்த லாவோஸ் நம்பர் வண்டி நின்று ஒரு மணி நேரமாயிற்று. பதினோரு மணிக்கு தாய்லாந்தின் உடோன் நகர ஆஸ்பத்திரியில் அப்பா சிசவாத்துக்குக் கண் ஆபரேஷன். வலது கண் எப்போதோ போய்விட்டது. இடது கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் மட்டும் மிச்சம். இன்றைக்கு விட்டால் அதுவும் போய்விடும்.

வண்டி அப்பா பெயரில் இருந்தது. மகள் ஓட்டலாம் என்று அவர் எழுதிக் கொடுத்த கடிதமும் இருந்தது. கூண்டிலிருந்த அதிகாரிக்கு அது போதவில்லை.

"கையெழுத்து ஒத்துப்போகலையேக்கா. வண்டிப் புத்தகத்துல வேற மாதிரி இருக்கு."

"அது கண்ணு தெரிஞ்சப்ப போட்டது. ஆளே உள்ள உக்காந்திருக்காரு, கேளுங்களேன்!"

பின்சீட்டில், ஆபரேஷன் முடிந்து சாப்பிட வைத்திருந்த ஒட்டுச்சோற்றுக் கூடையை மடியில் வைத்திருந்தார் சிசவாத். "நான்தான் தம்பி போட்டேன். வேணும்னா இன்னொண்ணு போடறேன். அதுவும் ஒத்துப்போகாது."

அவன் சிரிக்கவில்லை. "நீங்க வாயால சொல்றத ஃபைல்ல வைக்க முடியாது பெரியவரே. உங்க ஊர் ஆபீஸ்ல சீல் வாங்கிட்டு வாங்க."

இன்று சனிக்கிழமை, ஊர் ஆபீஸ் பூட்டியிருக்கும். உயிரோடு இருக்கிற மனுஷனை விட்டுவிட்டுக் காகிதத்தை நம்புகிறானே, இவனெல்லாம் என்ன பிறவி!

"சரி, கடிதம் எப்ப வேண்டாம்?" என்று கேட்டாள்.

"ஓனரே ஓட்டினா வேண்டாம்."

பைவன் விறுவிறுவென்று இறங்கினாள். அப்பாவைக் கைப்பிடித்து இறக்கி, ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தாள். "லைசென்ஸைக் காட்டுங்கப்பா."

சிசவாத் லைசென்ஸை முன்கண்ணாடிக்கு நேராக நீட்டினார். கூண்டு பக்கவாட்டில் இருந்தது. பைவன் அவர் கையைத் திருப்பிவிட்டாள்.

அதிகாரி அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். லைசென்ஸில் பெயர் சரி, தேதி சரி. முத்திரை குத்தினான்.

"கண்ணு தெரியாதவர் ஓட்டறதுக்குக் கேள்வி ஒண்ணும் இல்லையா?"

"இந்த ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்லக்கா."

தடுப்புக் கட்டை உயர்ந்தது. ஜன்னல் வழியே கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ஊர்ந்த வண்டியோடு அவளும் நடந்தாள். பின்னாலிருந்து அவன் கத்தினான்: "உங்க ஊர் மாதிரி வலது பக்கம் இல்ல, இங்க இடது பக்கமா போகணும், பாத்துக்குங்க!"

"தூ!" என்றாள் பைவன், அவன் காதில் விழும்படியே. முப்பதடி தள்ளி அப்பாவை நகர்த்திவிட்டு அவளே ஓட்டினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினாள். அப்பா கோட்டுக்கு மேலே ஏறி, கீழே இறங்கி, கோணல்மாணலாக ஒரு கையெழுத்துப் போட்டார்.

"இது ஒத்துப்போகாது," என்றாள் பைவன், சண்டைக்குத் தயாராக.

"எதோட ஒத்துப்போகணும்?" என்று கேட்ட நர்ஸ், அப்பாவின் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

அப்போதுதான் பைவனுக்கு அழுகை வந்தது.