கதாநாயகனின் கைகள்

எங்கள் குடியிருப்பின் பொது அறையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய படம் போடுவார்கள். இந்த வாரம் என்ன படம் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்ததுமே அப்பாவை எப்படிப் போகவிடாமல் தடுப்பது என்று யோசிக்கத் தொடங்கினேன். சூதாட்டப் படம். அப்பா நடித்த ஒரே படம்.

அந்தப் படத்துச் சூதாட்ட விடுதியில் எல்லோரும் செக்கச்செவேலென்று இருப்பார்கள். கறுப்பாக இருப்பவர் ஒரே ஒருவர். சட்டைக் கைக்குள் சீட்டை ஒளித்து ஏமாற்றுகிறவரும் அவர்தான். அது அப்பா. கதாநாயகன் கையும் களவுமாகப் பிடித்து அவரை அடித்துத் துவைப்பான். வேடிக்கை என்னவென்றால், அந்த மகாராஜனுக்குச் சீட்டைக் கலைக்கக்கூடத் தெரியாது. சீட்டு பறக்கிற க்ளோசப்பில் எல்லாம் வருவது அப்பாவின் கைகள். முழங்கைவரை பவுடரை அப்பி எடுத்தார்கள். கை கதாநாயகனுக்கு, முகம் திருடனுக்கு. எந்தப் புண்ணியவானுக்கு உதித்த யோசனையோ!

படம் வெளியான சமயம், கடைத்தெருவில் ஒருவர் பர்ஸைக் காணோம் என்று கத்தினார். "படத்துல பார்த்தோமே, இவன்தான்!" என்று நாலு பேர் அப்பாவின் மேல் பாய்ந்தார்கள். தோள்பட்டை இறங்கிவிட்டது. பர்ஸ் அந்த ஆளின் பையிலேயே இருந்தது. அப்பாவின் விரலைப் பிடித்தபடி அங்கே நின்றிருந்த குழந்தை நான். அந்தப் பயம் என்னோடுதான் வளர்ந்தது.

"இன்னிக்கு வேணாம்ப்பா. உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம்."

"எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்?" அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "என் கையைத் திரையில பார்த்து எவ்வளவு நாளாச்சு!"

படம் ஓடியது. திருடனுக்கு அடி விழுந்தபோது குழந்தைகள் கைதட்டினார்கள். யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று நான் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். விளக்கு எரிந்ததும் குடியிருப்புச் செயலாளர் திரும்பினார்.

"சார், அந்தத் திருடன் நீங்கதானே?"

அத்தனை தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின.

"ஆமா," என்றார் அப்பா. "ஹீரோவோட கையும் நான்தான்."

"அது நல்ல சிவப்புக் கையாச்சே சார்!"

"பவுடர்."

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் அலமாரியிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்து நீட்டினார். "அப்போ கலைச்சுக் காட்டுங்க, பார்ப்போம்."

கலைக்க வராவிட்டால் அப்பா புளுகர். வந்துவிட்டாலோ, இனி எந்த வீட்டில் எது காணாமல் போனாலும் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். புளுகர் பட்டமே போதும். சீட்டு விழுந்துவிடட்டும், கடவுளே, விழுந்துவிடட்டும்.

அப்பா கட்டை இரண்டாகப் பிரித்தார். சீட்டுகள் ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தண்ணீர் போல ஓடத் தொடங்கின. யாரோ "அடேயப்பா!" என்றார்கள். அப்பா பெருமையாக என்னைப் பார்த்தார். என் முகத்தைக் கண்டதும் அவர் சிரிப்பு அடங்கியது. மறுகணம் சீட்டுகள் தரையெங்கும் சிதறின.

"நல்லா ரீல் விட்டீங்க சார்!" செயலாளர் அவர் முதுகில் தட்டினார். அறையே சிரித்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நாற்காலிகளுக்கு அடியில் இருவரும் குனிந்து சீட்டுகளைப் பொறுக்கினோம். அப்பா என் பக்கம் நகர்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"இப்போ பயம் போயிடுச்சாம்மா?"