வெள்ளிக்கிழமையும் மெயின் சுவிட்சும்

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டரை ஆனால் போதும், முகம்மது கவுஸ் தன் பெயின்ட் கடை ஷட்டரை இறக்குவார். அப்படியே படிக்கட்டோரம் இருக்கும் மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிவிடுவார். ஒரு தடவை மின்கசிவில் கடை பற்றி எரிந்து பாதிச் சரக்கு போனதிலிருந்து வந்த பழக்கம் அது. பூட்டின கடைக்குள் கரன்ட் இருந்தால் அவருக்கு நிம்மதி இருக்காது. மாடிக்கும் அதே சுவிட்ச்தான்; தொழுதுவிட்டு வந்துதான் மறுபடி போடுவார்.

மாடியில் இருந்தது சிவக்குமாரின் சின்ன மென்பொருள் கம்பெனி. தர்மபுரி மாவட்டத்துப் பால் கொள்முதல் நிலையங்களில் பால் அளந்து கணக்குப் போடும் செயலி அவர்களுடையது. ஆளுக்கொரு பக்கம் எழுதியதையெல்லாம் ஒன்று சேர்த்து, சோதித்து, இது எங்கள் கோப்புதான் என்று டிஜிட்டல் முத்திரை போட்டு, நிலையங்களுக்கு அனுப்பத் தோதான ஒரே கோப்பாக ஆக்கித் தருவது மூலையில் கிடந்த ஒரு கணினி. அதற்கு பில்ட் சர்வர் என்று பெயர். பெயர்தான் பெரிது. அங்கே வேலை பார்க்கும் கனிமொழி தன் பெயரில் உள்ளே போய், ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து கட்டளை கொடுத்தால்தான் அது வேலையை ஆரம்பிக்கும். கரன்ட் போய் வந்தால் கணினி எழுந்துகொள்ளும், பில்ட் சர்வர் எழாது.

புதுப் பதிப்பு போவதோ வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு, சாயங்காலப் பால் வருவதற்கு முன்னால். ஆகக்கூடி கனிமொழிக்கு வெள்ளிக்கிழமை லீவு என்பதே கிடையாது. ஒருமுறை அவள் காய்ச்சலில் படுத்தபோது சிவக்குமாரே தன் பெயரில் நுழைந்து ஓட்டிப் பார்த்தார். முத்திரை இல்லாத கோப்பு போய், பாதி நிலையங்களில் செயலி திறக்கவே இல்லை. பால் ஊற்ற வந்தவர்கள் கேட்ட கேள்வியில் அவர் அதற்கப்புறம் அந்த மூலைப் பக்கம் திரும்புவதேயில்லை.

கவுஸ் பாயிடம் சொல்லிப் பார்க்காமலா இருப்பார்கள்? சொன்னார்கள். "சரிம்மா, இனிமே எறக்கல" என்பார். அடுத்த வெள்ளிக்கிழமை கை அதுபாட்டுக்கு இறக்கிவிடும். "கை பழகிப்போச்சும்மா, என்ன பண்றது" என்று அவரே வந்து வருத்தப்படுவார். அவரோடு எப்படிச் சண்டை போடுவது?

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து தேதி வந்தது. கனிமொழியின் மகள் செல்லிக்கு மூன்று வயது. குலசாமி பெயர். பிறந்ததிலிருந்து அவளுக்குக் காது கேட்காது. காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷன் முடிந்து, புண்ணும் ஆறிவிட்டது. இனி வெளிக்கருவியை மாட்டி ஆன் செய்ய வேண்டியதுதான் பாக்கி. அதற்குக் கொடுத்த நாள் வெள்ளிக்கிழமை. கனிமொழி லீவு கேட்டாள்.

"பாப்பாவோட அப்பா போறாருல்லங்க?" என்றார் சிவக்குமார். கெட்ட மனுஷனில்லை, யோசிக்காமல் பேசுகிறவர்.

கனிமொழிக்குச் சுர்ரென்றது. பிள்ளையின் காதில் முதல் சத்தம் விழும்போது பெற்றவள் இங்கே கறுப்பு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா? "வெள்ளிக்கெழமைக்குள்ள நான் இல்லாமயே அத எந்திரிக்க வெச்சுடறனுங்க" என்றாள்.

"ஓடற வண்டியத் தொட வேணாங்க."

"எங்கங்க ஓடுது? நாந்தான் தள்ளிட்டிருக்கறேன்."

பில்ட் சர்வரை சர்வீஸாக மாற்றுவதென்று முடிவு செய்தாள். அதாவது, யாரும் உள்ளே நுழையத் தேவையில்லை; கணினி எழும்போதே பின்னணியில் அதுவும் தானாக எழுந்து வேலை பார்க்க வேண்டும். அதற்கென்று கணினியில் தனியாக ஒரு பயனரை உண்டாக்கி, அந்தப் பெயரில் ஓடச் சொன்னாள். எழுந்தது. முத்திரை போடுகிற இடத்துக்கு வந்ததும் அனுமதி இல்லை என்று நின்றுவிட்டது. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு சிரிப்பு வந்தது. முத்திரைச் சாவி அவளுடைய சொந்தக் கோப்புறையில் இருந்தது. சாவியைத் தன் வீட்டு பீரோவில் பூட்டிவைத்துவிட்டு, புதிதாக வந்த வேலையாளைத் திட்டினால் அவன் என்ன செய்வான்? சாவியைப் புதுப் பயனருக்கு உரிய இடத்துக்கு மாற்றி, வேறு யாரும் தொடாதபடி பூட்டினாள்.

அடுத்து, ஓடுகிற கணினியின் பிளக்கைக் கையாலேயே பிடுங்கிச் சொருகினாள். சிவக்குமார் கண்ணை மூடிக்கொண்டார். கணினி எழுந்தது, சர்வீஸ் இன்டர்நெட் வருவதற்கு முன்பே அவசரப்பட்டு எழுந்து, விழுந்தது. இன்டர்நெட் வரும்வரை பொறு, விழுந்தாலும் கொஞ்சம் விட்டு மறுபடி எழு என்று அதற்கு எழுதிவைத்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி பிளக்கைப் பிடுங்கினாள். இந்த முறை யார் கையும் படாமல் கோப்பு வந்து சேர்ந்தது. அவளுக்கு அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ரெண்டு மணிக்குக் கோப்பு வரலைன்னா கூப்புடுவேங்க" என்று சொல்லித்தான் சிவக்குமார் அனுப்பினார்.

சேலத்தில் காலையில் கூப்பிட வேண்டியவர்கள் ஒரு மணிக்குக் கூப்பிட்டார்கள். கணவன் தர்மனும் அவளும் குழந்தையோடு உள்ளே போனதும், கருவி பொருத்தும் பெண், "போன ஆஃப் பண்ணிருங்க" என்றாள். கனிமொழி ஒரு நொடி தயங்கினாள். பாய் இந்நேரம் சுவிட்சை இறக்கியிருப்பார். எழுந்தால் எழட்டும், எழாவிட்டால் போகட்டும் என்று போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை மதியம் அவள் போன் அணைந்தது அதுதான் முதல் தடவை.

கருவி ஆன் ஆனது. செல்லி திடுக்கிட்டாள். கையிலிருந்த பொம்மையை விட்டுவிட்டு, வாய் கோணி, வீரிட்டு அழுதாள். தர்மன் பயந்துபோனான். "அழட்டுங்க. கேக்குதுன்னு அர்த்தம்" என்றாள் அந்தப் பெண். கனிமொழி குனிந்து, "செல்லி, அம்மா பாரு" என்றாள். எத்தனையோ தரம் கூப்பிட்டும் பிள்ளை திரும்பவில்லை. என்னவென்றே தெரியாத ஒரு பெரிய இரைச்சலில் அம்மா எங்கே இருக்கிறாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பழக மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். கேட்டதே போதும் என்று கனிமொழி அழுதாள், தர்மனும் அழுதான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, செல்லியை மடியில் போட்டுக்கொண்டு சிவக்குமாரைக் கூப்பிட்டாள்.

"கோப்பு ரெண்டுக்கு முன்னாடியே வந்துருச்சுங்க. நான் அந்தப் பக்கமே போகல."

"பாய் சுவிட்ச எத்தன மணிக்குப் போட்டாரு?"

"பாய் இன்னைக்கு எறக்கவே இல்லைங்க. பாப்பா விஷயம் நேத்து பேச்சுவாக்குல சொன்னேன். ஷட்டர எறக்கிட்டு, கையப் பின்னால கட்டிக்கிட்டு நடந்தாரு. ஆனா லைன்லயே கரன்ட் போயிருச்சு. அரை மணி கழிச்சு வந்துச்சு, உங்க சர்வீஸ் தானா எந்திரிச்சுருச்சு."

இந்த வாரம் கனிமொழி அவரிடம் கேட்கவே இல்லையே. உடனே பாயைக் கூப்பிட்டாள்.

"பாப்பாவுக்குக் கேட்டுச்சாம்மா?" அவர் முதலில் கேட்டது அதைத்தான்.

"கேட்டுச்சுங்க பாய். அழுதுச்சு."

"அல்ஹம்துலில்லாஹ். தொழுகையில நின்னாலும் நெஞ்சு கடையிலயே இருந்துச்சும்மா. புகை வருதோ, என்னவோன்னு. முடிஞ்சதும் ஓடியாந்து ஷட்டரத் தொட்டுப் பாத்தேன், சூடு இல்ல."

எரிந்த கடையை ஒரு தடவை கண்ணால் பார்த்த மனுஷன், யாரோ பெற்ற பிள்ளைக்காக அந்தப் பயத்தைத் தொழுகை முடியும்வரை சுமந்திருக்கிறார். இந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. "ரொம்ப நன்றிங்க பாய்" என்றாள். போதாது என்று தெரிந்தே மறுபடியும் சொன்னாள்.

அவர் கொஞ்சம் இழுத்தார். "ஏம்மா, அடுத்த வாரம் எறக்கிக்கலாமா?"

கனிமொழிக்கு அழுகையோடு அழுகையாகச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தாராளமா எறக்குங்க பாய். நிம்மதியாத் தொழுதுட்டு வாங்க" என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

மடியிலிருந்த செல்லி, அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறதென்று தலையைத் தூக்கி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.