மூடாத தம்ளர்

ஏழு மணிக்கு எழுந்து சவரம் செய்துகொண்டேன். விடுதியில் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டேன். பதினொரு மணிக்கு நண்பர்கள் நால்வருடன் ஜெர்மனியின் கொலோன் நகரில் இருக்கும் பழைய மதுக்கடைக்குப் போனேன். ஊர் ஊராகப் போய் பீர் ருசிக்கும் எங்கள் வருடாந்தரப் பயணம் அங்கேதான் முடியும்.

நால்வரில் ஒருவனான தோர்ஸ்டன் ஆறு நாற்காலி கேட்டான். ஆறாவது என் மனைவி அன்னிகாவுக்கு. பிப்ரவரியில் அவள் இறந்துவிட்டாள்.

கொலோனில் யாரும் கேட்காமலே பீர் வந்துகொண்டிருக்கும். போதுமென்றால் தம்ளருக்கு அடியில் இருக்கும் அட்டையை எடுத்துத் தம்ளரை மூட வேண்டும்.

"அந்தம்மா எங்க? இன்னும் தலை சீவுறாங்களா? நுரையே அடங்கிப் போச்சு," என்றார் பரிசாரகர், காலி நாற்காலிக்கு முன் வைத்திருந்த தம்ளரைக் காட்டி.

"உனக்கென்ன? வேற வைய்யா," என்றான் தோர்ஸ்டன். பிறகு என் பக்கம் குனிந்தான். "'எனக்கும் ஒரு தம்ளர் வைங்க'ன்னு கடைசியா சொல்லிட்டுப் போனாளேடா. வைக்காம விடுவோமா?"

அவள் அப்படிச் சொன்னதாக அடக்கத்தன்று நான்தான் சொன்னேன். எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

புதிய தம்ளர் வந்தது. அட்டையை எடுத்து மூடப் போனேன். தோர்ஸ்டன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. அட்டையைக் கீழே வைத்துவிட்டேன். இனி வருடா வருடம் அந்தத் தம்ளர் வரும்.

இந்தப் பயணத்தில் அவளுக்கும் இடம் பதிந்திருப்பதாக நான் மருத்துவமனையில் சொன்னபோது, அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"என் தம்ளரை மூடிடு, ஹென்னிங். போதும்."