அறுபதாவது பசி

தெற்கே அந்தப் பல்கலைக்கழகத்தில் காலைச் சாப்பாட்டுக்கு மாணவர்கள் மெஸ்ஸுக்கு வருவதில்லை. பசியை மட்டும் அனுப்பிவிடுவார்கள். ஒன்பது மணி வகுப்புக்கு எட்டே முக்காலுக்குப் போர்வையை விலக்குகிறவர்களுக்கு இட்லிக்கு வரிசையில் நிற்க ஏது நேரம்? ஏழரை மணிக்குப் பசிகள் தாமாகவே எழுந்து, கழுத்தில் டோக்கனை மாட்டிக்கொண்டு, விடுதிப் படி இறங்கி வந்து தட்டெடுக்கும். சாப்பிட்டுக் கை கழுவி அறைக்குத் திரும்பும். சும்மா சொல்லக் கூடாது, மாணவர்களைவிடப் பசிகளுக்கு ஒழுங்கு அதிகம். வரிசையில் முண்டாது, தட்டை மேஜையிலேயே போட்டுவிட்டுப் போகாது. "இன்னொன்று" என்பதைத் தவிரப் பெரும்பாலும் வேறெதுவும் பேசாது.

இந்தப் பசிகளை நிறுத்துப் பார்த்துத்தான் முனைவர் பட்டம் வாங்கவேண்டும் என்று பிரம்மசக்தியின் தலையில் எழுதியிருந்தது. உடல்நல ஆய்வுத் துறையில் அவள் ஆராய்ச்சி மாணவி. அறுபது விடுதி மாணவர்கள் கையெழுத்துப் போட்டுத் தங்கள் பசியை அவளுடைய ஆய்வுக்குத் தந்திருந்தார்கள். தினமும் சாப்பிடுமுன் ஒவ்வொரு பசியும் எடை மெஷினில் ஏறும். முந்நூறு கிராம், முந்நூற்றைம்பது. முந்தின நாள் விளையாட்டு விழா என்றால் அரைக் கிலோ. சாப்பிட்டு ஏப்பம் விட்டதும் மறுபடி ஏறும். அப்போது பூஜ்யம் காட்டும். ஏப்பம் விட்ட பசிக்கு எடை கிடையாது என்பது அந்தத் துறையில் முதல் வாரமே சொல்லித்தருகிற பாடம்.

விதி ஒன்றே ஒன்றுதான், ஆனால் பொல்லாத விதி. அறுபதில் ஒரு பசி ஒரே ஒரு நாள் பத்து மணிக்குள் நிறுக்கப்படாமல் போனாலும் தொண்ணூறு நாள் கணக்கும் செல்லாது. முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். பிரம்மசக்திக்கு இது மூன்றாவது ஆரம்பம். முதல் தடவை, நாற்பத்தொன்றாம் நாள், மாணவர்கள் போராட்டம் அறிவித்ததால் பசிகள் அத்தனையும் உண்ணாவிரதப் பந்தலில் போய் உட்கார்ந்துகொண்டன. இரண்டாம் தடவை மழைக்கு விடுமுறை விட்டார்கள். எல்லாப் பசியும் ஊருக்கு பஸ் ஏறிவிட்டது. அவளுடைய பதிவுக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. நாலாவது தடவைக்கு இடமே இல்லை. இது போனால் நாலு வருஷ உழைப்பும் போச்சு.

அதனால் இந்தத் தடவை அவள் ரொம்பக் கவனமாக இருந்தாள். பசியோடு இருக்கிறவள் பசியை நிறுத்தால் கை நடுங்கும் என்று கைடு பேராசிரியர் தேவாசீர் சொன்னார். சரி என்று முதல் நாளே தன் பசியைக் கழற்றித் துறையின் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு மணியானால் கடமைக்கு நாலு வாய் தயிர்சாதம், அவ்வளவுதான். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. கணக்கு மட்டும் சுத்தமாக இருந்தது.

அன்று தொண்ணூறாம் நாள். ஐம்பத்தொன்பது பசிகள் ஏறி இறங்கின. "அறுபது" என்று கூப்பிட்டாள். யாரும் ஏறவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மணி எட்டரை.

சமையல்காரர் ஐயாத்துரை சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தார். "அண்ணாச்சி, அறுபது வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வரலையேம்மா. அதுக்குன்னு எடுத்து வச்ச வடை அப்படியே இருக்கு."

அறுபதாம் பசிக்குச் சொந்தக்காரன் சங்கரவேல், புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. விடுதி வாசலில் நின்று ஆள்விட்டுக் கூப்பிட்டாள். வாயில் பிரஷ்ஷோடு இறங்கி வந்தான்.

"எனக்குப் பசிக்கலையேக்கா. நேத்து சாயங்காலமே கிளம்பிப் போயிருச்சு. உங்ககூட இருக்கும்னுல்ல நெனச்சேன்."

"எங்க போறேன்னு சொல்லுச்சா?"

"சொல்லலை. டீக்குக் குடுத்த வடையை மட்டும் கையில எடுத்துக்கிட்டுப் போச்சு."

பிரம்மசக்தி ஓடினாள். வெளி வாசலில் புரோட்டா கடை, அதைத் தாண்டி பேக்கரி. பேக்கரி பெஞ்சில் பேராசிரியர்களின் பசிகள் நாலைந்து சர்க்கரை இல்லாத டீ குடித்துக்கொண்டிருந்தன. அறுபது அங்கேயும் இல்லை. மணி ஒன்பதே கால். வாகை மரத்தடியில் உட்கார்ந்து நோட்டை மடியில் போட்டுக்கொண்டாள். அழுகை அழுகையாக வந்தது. எண்பத்தொன்பது நாள் விடியுமுன் எழுந்தது, குளிர்காலத்தில் மெஷினைத் துணி சுற்றித் தூக்கி வந்தது எல்லாம் நினைவுக்கு வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் புரட்டினாள். அறுபதாம் எண்ணுக்கு எதிரே, குறிப்புப் பத்தியில், அவள் கையெழுத்தில் இருந்தது: "நாற்பதாம் நாள். ஒரு வடையைத் தின்னாமல் வெளியே கொண்டுபோகிறது." அடுத்த நாள், "அதேபோல்." அதற்கடுத்த நாளும் "அதேபோல்." ஐம்பது நாள் ஒழுங்காகக் குறித்திருக்கிறாள். யாருக்குக் கொண்டுபோகிறது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறாளா? கேட்கவில்லை. ஆய்வாளர் குறிக்கத்தான் வேண்டும், கேட்கக் கூடாது என்று துறையில் வழக்கம்.

அந்த வளாகத்தில் எல்லாப் பசியும் தன் வடையைத் தானே வாங்கித் தின்றது. வாங்க முடியாமல் இருந்தது ஒரே ஒரு பசிதான்.

"அட மண்டு!" என்று தன்னையே திட்டிக்கொண்டு துறைக்கு ஓடி பீரோவைத் திறந்தாள். பழைய கேள்வித்தாள் கட்டுகளுக்கு நடுவே அவளுடைய பசி சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அறுபது. கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாகப் போய்வந்திருக்கிறது. நேற்று மெஸ்ஸில் "நாளையோட முடியுது, அப்புறம் யாரும் நிறுக்க வரவேண்டாம்" என்று அவள் அறிவித்ததைக் கேட்டு, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்திருக்கிறது. வந்தது, கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டது.

வா என்றால் அறுபது வரவில்லை. அவளுடைய பசியும் வந்தால்தான் வருமாம். இரண்டையும் கூட்டிக்கொண்டு மெஸ்ஸுக்கு வந்து மெஷினில் ஏற்றினாள். மூன்று கிலோ தொள்ளாயிரம். கையை விடச் சொன்னாள். விடவில்லை. மணி ஒன்பது முப்பத்தைந்து.

ஐயாத்துரை சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். பிறகு இலையைப் போட்டார்.

"உன் பசியைப் பூஜ்யம் ஆக்கிட்டா மிச்சம் இருக்கதெல்லாம் அறுபதோட எடைதானே? உக்காரும்மா. சாப்பிடு."

தன் பசியைத் தனியே சாப்பிட அனுப்பிப் பழக்கமில்லாதவள் அவள். மெஷினுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு, தன் பசியின் தலையில் இடது கையை வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். முதல் இட்லிக்கு நூறு கிராம் இறங்கியது. நாலாவது இட்லியில் மூன்றரைக் கிலோ. பொங்கல் வந்தது. பொங்கலில் மிளகு தட்டுப்பட்டதும், அடி ஆத்தீ, இது இவ்வளவு ருசியாகவா இருந்தது என்று அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அறுபதுக்கு நிறுக்குமுன் சாப்பிட அனுமதி இல்லை. அது பொறுமையாக, வடையைப் பார்த்தபடி, கையை விடாமல் உட்கார்ந்திருந்தது. பதினாறாவது இட்லியில் இரண்டு கிலோ. சாம்பார் தீர்ந்து சட்னி வந்தது, சட்னி தீர்ந்து இட்லிப்பொடி வந்தது. ஐம்பத்தொன்பது பசிகளும் சேதி கேட்டுத் திரும்பி வந்து, சுற்றி நின்று "இன்னொன்று, இன்னொன்று" என்று உற்சாகப்படுத்தின.

ஒன்பது ஐம்பத்தேழுக்கு அவளுடைய பசி ஒரு ஏப்பம் விட்டது. கூடம் முழுக்கக் கேட்டது. மெஷின் நானூற்றுப் பத்து கிராமில் நின்றது. இன்னொரு வாய் போட்டுப் பார்த்தாள், எண் அசையவில்லை. அறுபது, நானூற்றுப் பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதன் கையில் வடையைக் கொடுத்தாள். அது பாதியைப் பிய்த்துப் பக்கத்தில் நீட்டியது. "வேண்டாம்," என்றது அவளுடைய பசி, வாழ்க்கையில் முதல் தடவையாக.

அதற்குப் பிறகு அவள் தன் பசியைப் பூட்டிவைக்கவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. வெளியூர் மதிப்பீட்டாளருக்கு வேறு வேலை இருந்ததால் தன் சந்தேகத்தை மட்டும் அனுப்பியிருந்தார். காலை எட்டரை பஸ்ஸில் அது கைப்பெட்டியோடு வந்து இறங்கியது. பிரம்மசக்தி மரியாதைக்கு மெஷினில் ஏற்றிப் பார்த்தாள். ஆறு கிலோ.

"சாப்பிட்டாச்சா சார்?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லை," என்றது சந்தேகம்.

அவளும் அவளுடைய பசியும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, நடுவில் அதை உட்காரவைத்து, ஐயாத்துரையை இலை போடச் சொன்னார்கள். பதினொரு மணிக்குத் தேர்வுக் கூடத்தில் தேவாசீர் எழுந்து, மதிப்பீட்டாளருக்கு ஏதாவது சந்தேகம் உண்டா என்று முறைப்படி கேட்டார். முன்வரிசையிலிருந்து நீளமாக ஒரு ஏப்பம் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.