வெரிஃபிகேஷனுக்கு வந்த ஆள்

பேங்க்காரர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பதினொன்றரை ஆகியும் ஆளைக் காணோம். ராஜலட்சுமி கார்மென்ட்ஸுக்கு லீவு போட்டுவிட்டு விடிந்ததிலிருந்து வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தாள். ஒழிக்க அங்கே என்னதான் இருக்கிறது? மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் ஒரு ஹால், ஒரு அடுப்படி. ஹாலில் மாமனார், மாமியார். அடுப்படியில் அவளும் மோகன்குமாரும், தலைமாட்டில் கேஸ் சிலிண்டர். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது ஐந்து மணிக்கு மேல் படுத்திருப்பாளா? நாலரைக்கெல்லாம் மாமியார் காளியம்மாள் காபி போட வந்துவிடுவாள். திரைக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு தடவை இருமுவாள். மரியாதைக்குத்தான் இருமுகிறாள், பாவம். ஆனாலும் அந்த இருமலைக் கேட்டாலே ராஜலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொரப்பள்ளி ரோட்டில் புது லேஅவுட்டில் ஒரு பெட்ரூம் வீடு பார்த்திருந்தார்கள். அடுப்படிக்குக் கதவு வைத்த வீடு. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு சினிமா, ஒரு புடவை இல்லாமல் சேர்த்ததையெல்லாம் பில்டரிடம் முன்பணமாகக் கட்டியாயிற்று. மீதிக்கு பேங்க் லோன். மாசக் கடைசிக்குள் லோன் லெட்டர் வராவிட்டால் வீடு வேறு ஆளுக்கு. முன்பணத்தில் பாதிதான் கைக்கு வரும். இன்றைக்குத் தேதி இருபத்தாறு.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பைக் சத்தம் கேட்டது. வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஃபாரத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை பேர், எத்தனை வருஷமாக இங்கே, வாடகை எவ்வளவு. காளியம்மாள் கேசரித் தட்டை நீட்டினாள்.

"சாப்பிடுங்க தம்பி. எம் மகன் எட்டு வருசமா அந்தக் கம்பெனியிலதான் இருக்கான். ஒரு நா லீவு போட மாட்டான். காய்ச்சலோட போவான்."

"நல்லதும்மா. வீடு ஓகே. இனி கம்பெனி கேட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு போயிருவேன்."

ராஜலட்சுமிக்குப் பகீரென்றது. கம்பெனிக்குப் போவார்கள் என்று லோன் ஏஜென்ட் சொல்லவே இல்லையே! அன்றைக்கு ஃபாரத்தை நிரப்பும்போது, வேலை பார்க்கும் இடம் என்ற கட்டத்தில் மோகன்குமார் தயங்கினான். சம்பளம் தருவது கான்ட்ராக்டர். அவருடைய ஆபீஸ் கறிக்கடை மாடியில் ஒரே அறை. "எட்டு வருஷமா எங்க நிக்கிறீங்க? போட்டிருக்கிறது யார் யூனிஃபார்ம்? அந்தப் பேரையே எழுதுங்க, பாஸ் ஆயிடும்" என்று ஏஜென்ட்தான் எழுத வைத்தான். அவன் அந்தக் கம்பெனி ஆள் என்றுதான் தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். பெண் பார்க்க வந்தபோது அவள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

"சிப்காட்ல வழி குழம்பும் சார். நானும் வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

கேட்டில் செக்யூரிட்டி பெருமாள் இருந்தார். ராஜலட்சுமியின் லைன் வீட்டிலேயே மூன்றாவது வீடு. அவளைப் பார்த்துச் சிரித்தவர், பேங்க் அடையாள அட்டையைப் பார்த்ததும் தொப்பியைச் சரி செய்துகொண்டார். பெரிய ரிஜிஸ்டரில் விரலை வைத்து மேலிருந்து கீழே போனார். அடுத்த பக்கம் திருப்பினார்.

"இந்தப் பேர்ல யாரும் இல்லீங்க சார்."

"பெருமாளண்ணா!" என்றாள் ராஜலட்சுமி. "காலையில உங்க கண்ணு முன்னாடிதானே உள்ள போனாரு? வர்ற வழியில உங்ககூடத்தானே டீ குடிச்சாரு?"

"குடிச்சாரும்மா, நான் இல்லைன்னு சொல்லலியே. இது கம்பெனி ஸ்டாஃப் புக்கு. கான்ட்ராக்ட்டுக்கு வேற நோட்டு." மேஜைக்கு அடியிலிருந்து அட்டை கிழிந்த நோட்டை எடுத்துக் காட்டினார். அதில் தேதி, கான்ட்ராக்டர் பெயர், நாற்பத்தாறு ஆள். அவ்வளவுதான்.

"இதுல பேர் எங்க?" என்றார் பேங்க்காரர்.

"பேர் எழுத மாட்டோம் சார். எத்தனை தலைன்னு எண்ணித்தான் விடுவோம்."

பேங்க்காரர் பேனாவைத் திறந்தார். ராஜலட்சுமி குறுக்கே வந்து நின்றாள். "எழுதாதீங்க சார், அவரையே கூப்பிடறேன். அண்ணா, ஒரு போன் அடிங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பெருமாள் உள்ளே போன் போட்டார். ஐந்து நிமிஷத்தில் மோகன்குமார் ஓடி வந்தான். சட்டைப் பையில் கம்பெனி பெயர் தைத்திருந்தது, முழங்கை வரை ஆயில். சின்னக் கதவைத் தாண்டி வெளியே வந்து, கழுத்து அட்டையைக் கழற்றி நீட்டினான். பேங்க்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எட்டு வருஷம்னு போட்டிருக்கீங்க. இதுல ஜனவரி ரெண்டாயிரத்தி ஏழுன்னு இருக்கே? எட்டு மாசம்கூட முழுசா ஆகல."

"வருஷா வருஷம் கான்ட்ராக்டர் பேரை மாத்துவாங்க சார். புது கார்டு குடுப்பாங்க, புது பிஎஃப் நம்பர் குடுப்பாங்க. மெஷின் அதேதான் சார். எட்டு வருஷமா அதே மெஷின்."

"மெஷினை நான் வெரிஃபை பண்ண முடியாதே" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. சங்கடத்தோடுதான் சொன்னார்.

அதற்குள் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் நாராயணப்பன் உள்ளேயிருந்து கத்திக்கொண்டே வந்தார். "லைன் நிக்குது, இங்க என்னய்யா அரட்டை? யாரைக் கேட்டு வெளிய வந்த?"

"பேங்க்ல இருந்து வந்திருக்காங்க சார். ரெண்டே நிமிஷம்."

நாராயணப்பன் பேங்க்காரரையும் பார்க்கவில்லை, ராஜலட்சுமியையும் பார்க்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புங்க மரத்தடியில் ஏழெட்டுப் பேர் டிபன் பாக்ஸோடு குந்தியிருந்தார்கள். எவனாவது வராமல் போனால் தங்களைக் கூப்பிடுவார்கள் என்று காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களைப் பார்த்துக் கையைத் தட்டினார்.

"ஏய், நீலச் சட்டை! பா இல்லி, இங்க வா! மெஷின் தெரியுமா?"

நரைத்த மீசைக்காரர் ஒருவர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "தெரியும் சார்" என்று ஓட்டமாக வந்து கதவுக்குள் நுழைந்தார். மோகன்குமாரைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டார்.

"சார், என் டிபன் பாக்ஸ் உள்ள இருக்கு சார்" என்றான் மோகன்குமார்.

"நாளைக்கு வா, பாக்கலாம்."

பேங்க்காரர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஃபாரத்தில் இரண்டு வரி எழுதி மடித்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். கேட்ல சொன்னதைத்தான் எழுத முடியும்."

"எழுதுங்க சார், நல்லா எழுதுங்க!" ராஜலட்சுமி மோகன்குமாரின் கையைப் பிடித்து அவர் முன்னால் நீட்டினாள். "ஆயிலும் கையுமா உங்க எதிர்ல நிக்குதே இந்த ஆளு, இதைப் பார்க்கவே இல்லைன்னு எழுதுங்க!"

அவர் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். மோகன்குமார் கேட்டுக்கு வெளியே அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றான்.

ஆள் வெளியே போனால் நோட்டில் குறிக்க வேண்டும். பெருமாள் கிழிந்த நோட்டை இழுத்து அன்றைய பக்கத்தை எடுத்தார். பேனாவை நாற்பத்தாறின் மேல் கொண்டுபோனவர், உள்ளே திரும்பி ஒரு தடவை மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். வெளியே ஒரு தலை, உள்ளே ஒரு தலை; கணக்கு சரியாகவே இருந்தது. பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.