கிராணியாரின் நார்த்

ரப்பர் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற கலியாணசுந்தரம், காஜா பெராங்கில் வீடு வாங்கிக் குடிவந்தபோது, தட்டுமுட்டுச் சாமான்களோடு நான்கு இங்கிலீஷ் திசைகளையும் கொண்டுவந்தார். காப்பிக் கடையில், "அந்த ஈஸ்ட் நாற்காலியை இப்படி நகர்த்து" என்பார். மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து வெள்ளைக்காரன் கப்பலேறிக்கொண்டிருந்த சமயம். திசைகளை மட்டும் தம் பொறுப்பில் விட்டுப் போகிறான் என்பது அவர் நினைப்பு.

தோட்ட ஆபீசில் அவர் மேசைக்கு எதிரே, மேற்குச் சுவரில், ஒரு மேப் தொங்கியது. மேப்பின் தலைப்பக்கம்தான் நார்த் என்று துரை ஒருநாள் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து கலியாணசுந்தரத்துக்குச் சூரியன் விழும் பக்கம் நார்த். கேட்க ஆளில்லாததால் அதுவும் சௌக்கியமாக நடமாடியது.

லைசென்ஸ் பாரம் நிரப்ப அஞ்சலை அவரிடம் வந்தாள். லைசென்ஸ் இல்லாமல் தோசை சுட்டதற்காக அவள் அடுப்பை இரண்டு தரம் தூக்கிப் போய்விட்டார்கள். இன்னொன்றும் போனால் பழையபடி தோட்டத்தில் பால் வெட்டத்தான் போக வேண்டும்.

"தெருப் பைப்புக்கு மேற்கால இருபது கெஜம், மரத்தடிங்க ஐயா."

"நார்த்" என்று எழுதினார்.

"சூரியன் மறையிற பக்கம்ங்க."

"அது தமிழ்ல. இங்கிலீஷ் திசை மேப்பைப் பார்த்துச் சொல்றது. நீ தோசையைப் பாரு."

"மரத்தையும் எழுதிடுங்களேன்."

"மரம் மட்டைன்னு எழுதினா வெள்ளைக்காரன் சிரிப்பான்."

"அவன்தான் போறானே ஐயா."

இரண்டு வாரத்தில் லைசென்ஸ் வந்தது. இடத்துக்குக் கோடு போட வந்த இன்ஸ்பெக்டர் சிஹாபுதீன், பைப்படியில் நின்று திசைகாட்டியை எடுத்தார். ஊசி காட்டிய பக்கம் இருபது கெஜம் நடந்தார். நடை கலியாணசுந்தரத்தின் வீட்டுக் கேட்டில் முடிந்தது. குனிந்து சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டார்.

கலியாணசுந்தரம் உள்ளேயிருந்து ஓடி வந்தார். "தம்பி, இது என் வாசல். நார்த் அந்த மரத்துப் பக்கம்."

"அது வெஸ்ட்டுங்க. தப்பா எழுதிட்டேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இப்பவே மரத்தடிக்கு மாத்திடறேன்."

பென்சிலை நீட்டினார். அதற்குள் காப்பிக் கடைக் கூட்டம் கிளாசும் கையுமாக வந்து நின்றது.

"போடுங்க ஐயா," என்றாள் அஞ்சலை. "எனக்கும் நிழலாச்சு."

கலியாணசுந்தரம் பென்சிலைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எழுதினது சரிதான். யோசிச்சுத்தான் எழுதினேன். கஷ்டப்படற பொம்பளை, என் வாசல்லயே பொழைச்சுக்கட்டும்."

அவருடைய தாராள மனசை அன்று முழுக்க ஊர் மெச்சியது.

மறுநாள் காலை கேட்டை மறித்து எட்டு சைக்கிள், இரண்டு திரிஷா வண்டி. குடையை இடுக்கிக்கொண்டு வெளியே வந்தவர், வழி தேடிப் பக்கவாட்டில் நகர்ந்தார்.

"ஓரமாப் போங்க ஐயா," என்றாள் அஞ்சலை, மாவை ஊற்றியபடி. "எண்ணெய் தெறிக்கும்."